கொம்பனி கட்டின படிப்பு

“கொம்பனி குடுத்த காசை நீர் கட்டினதெண்டு போடட்டோ? நல்லாயிருக்கு.”

சிவானுஜா மடிக்கணினியை அரைவாசி மூடினாள். எதிரே மதிசுதன் ஒரு பொலித்தீன் பையோடு உட்கார்ந்திருந்தான். அவள் கணவன் சதீசனின் சித்தப்பா மகன்.

சிவானுஜா ஜேர்மனியில் கார்ல்ஸ்ரூஹே நகரத்தில் ஒரு வரி ஆலோசகரிடம் வேலை செய்கிறாள். வருடா வருடம் சொந்தக்காரர் எல்லாருக்கும் வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பதும் அவள்தான். அதற்குக் காசு வாங்க மாட்டாள். அறிவுரை கொடுப்பாள். அதை வாங்காமல் யாரும் படியிறங்க முடியாது.

“அதைத் திருப்பிக் கட்டிப்போட்டன், அண்ணி. வங்கியில கடனெடுத்துத்தான் கட்டினனான். வரியில கழிச்சால் கொஞ்சமெண்டாலும் கைக்கு வரும்.”

அவளுக்குக் கதை தெரியும். மதிசுதனின் மாஸ்டர் படிப்புச் செலவு முழுவதையும் அவனுடைய கொம்பனி கொடுத்தது. முடித்த பிறகு மூன்று வருடம் அங்கேயே இருக்க வேண்டும், தானாக விட்டுப் போனால் காசைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தம். போன வருடம் இந்த ஐயா படிப்பை முடித்த சூட்டோடு வேலையை விட்டுவிட்டு லைப்சிக் நகரத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

“போட ஏலும்,” என்றாள். “சட்டத்தில இடமிருக்கு. வெக்கத்துக்குத்தான் அதில இடமில்லை.”

மதிசுதன் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தான்.

“உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்துபோட்டு, அந்த நட்டத்தையும் ஊராற்ற வரிக்காசில கழிக்க வந்திருக்கிறீர். எங்கட இவரைப் பாரும். நீர் சொல்லித்தான் அந்தக் கொம்பனிக்குள்ள போனவர். நீர் பாய்ஞ்சிட்டீர், அவர் நிக்கிறார். வீட்டுக் கடனும் ரெண்டு பிள்ளையளும் இருக்கெல்லோ. பொறுப்பெண்டால் என்னெண்டு அவரிட்டப் பழகும்.”

அடுப்படியில் சதீசன் கழுவின கோப்பையையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தான்.

அவள் பைக்குள்ளிருந்து சம்பளத் தாளை எடுத்தாள்.

“இதென்ன, லைப்சிக்கில சம்பளம் குறைவாயெல்லோ கிடக்கு?”

“ஓம், அண்ணி.”

“குறைஞ்ச சம்பளத்துக்கோ பாய்ஞ்சனீர்? மாஸ்டர் படிச்ச மூளை.”

அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. பேராசை பிடித்தவன் என்று சொல்ல வைத்திருந்தாள். இனி மூளை கெட்ட விசரன் என்றுதான் சொல்ல வேண்டும். விடுவானேன் என்று இரண்டையும் சொன்னாள்.

“ஏன் விட்டனீர்? வரிக் கந்தோரில கேட்டால் நான் என்னத்தை எழுதுறது?”

“தனிப்பட்ட காரணம் எண்டு எழுதுங்கோ.”

“சொல்ல வாய் கூசுதாக்கும். இஞ்ச பாரும், இதை என்ர கையால போடமாட்டன். செய்த வேலைக்கு நீரே கட்டி அழும். அப்பதான் புத்தி வரும்.”

மதிசுதன் கோபப்படவில்லை. தாள்களை அடுக்கிப் பைக்குள் வைத்தான்.

“சரி, அண்ணி. பறவாயில்லை.”

அவன் வாசலில் குனிந்து சப்பாத்தைக் கட்டும்போது சதீசன் ஈரக் கையோடு வந்து நின்றான்.

“மதி, கொஞ்சம் இரு. சிவா, அதைப் போட்டுவிடும்.”

“நீங்களும் இவருக்கு வக்காலத்தோ?”

“அண்ணை, விடுங்கோ,” என்றான் மதிசுதன்.

சதீசன் விடவில்லை. மனைவியின் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

“போன வருசம் எங்கட பிரிவில ஒரு ஆளை வேலையால நிப்பாட்ட வெளிக்கிட்டவை. கடைசியா வந்து சேர்ந்தவன் நான். என்ர பேர்தான் எழுதியிருந்தது.”

சிவானுஜாவின் கை மடிக்கணினி மேலேயே நின்றது.

“ஆராவது தானா விலகினால் என்னை விடுறம் எண்டிச்சினம். அண்டைக்கே இவன் விலகிறனெண்டு எழுதிக் குடுத்திட்டு வந்து என்னட்டச் சொன்னது ஒண்டுதான்: ‘அண்ணிக்குச் சொல்லிப்போடாதையுங்கோ அண்ணை, பாவம், அவ பயந்திடுவா.’”