ஒன்று கூடுதல்

“மூணு வருசமா ஒரே வகுப்பு. அந்தப் புள்ள மரமண்டையா, இல்ல நீங்க சொல்லித்தர்ற லட்சணமா, தங்கச்சி?”

ஆய்வுக்கு வந்திருந்த மௌலவி துராப், திறந்திருந்த கதவைப் பார்த்தபடி கேட்டார். அந்நியப் பெண்ணின் முகத்தை அவர் பார்ப்பதில்லை.

ஆசிரியை ஹுமைரா வகுப்பறைக் கணப்படுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள். “லைலுமாவுக்குக் கணக்கு ஏறாது, மௌலவி சாகிப். இன்னொரு வருசம் ஆறாவதுலயே இருக்கட்டும்.”

கதவுக்கு வெளியே, பனியில், லைலுமா பையோடு நின்றிருந்தாள். முடிவு தெரியாமல் போக மாட்டாள்.

மௌலவி தேநீரை உறிஞ்சினார். “எனக்கு இருக்கிற அலைச்சல்ல இது வேற. மருமகளுக்கு நாள் நெருங்குது. பொம்பள டாக்டர் தேடி கஜ்னி டவுன் வரைக்கும் போயிட்டு வந்தேன். ஒருத்தரும் இல்ல.”

லைலுமாவின் விடைத்தாளை எடுத்தார். ஒரு காலத்தில் அவர் கணக்கு வாத்தியார். விரல் வரிசையாக இறங்கியது. நின்றது. மீண்டும் மேலே போனது.

“நாப்பத்தேழு வரணும், நாப்பத்தெட்டு போட்டிருக்கா. இங்க நூத்தி இருபதுக்கு நூத்தி இருபத்தொண்ணு. இதுலயும் ஒண்ணு கூட. இதுலயும்.”

“கவனக்குறைவுதான்.” ஹுமைரா விடைத்தாளை வாங்கக் கை நீட்டினாள்.

“இருபது கணக்குலயுமா? சரியான விடை தெரியாம இப்படித் தப்பு பண்ண முடியாது. இவ்வளவு கெட்டிக்காரப் புள்ளையப் போயி பெயிலாக்கி வச்சிருக்கீங்களே!”

“வேணாம், மௌலவி சாகிப். ஒரே ஒரு வருசம். உங்களக் கெஞ்சிக் கேக்கறேன்.”

“உங்களுக்கு அவமேல என்ன கோபம்?”

அவர் தப்புக் குறிகளை ஒவ்வொன்றாக அடித்து நீக்கினார். நூற்றுக்கு நூறு போட்டுக் கையெழுத்திட்டார். வெளியே பார்த்துக் குரல் கொடுத்தார்.

“உள்ள வா, மகளே. நீ பாஸ். வகுப்புலயே முதல் மார்க்.”

லைலுமா சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். “இன்னொரு தடவ எழுதறேன், சாகிப். இந்தத் தடவ நல்லாத் தப்பா எழுதறேன்.”

“அழாத. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். ஆறாவது முடிச்ச பொண்ணுக்கு இந்த நாட்டுல அடுத்த வகுப்பு கிடையாது. புத்தகத்தையெல்லாம் வச்சிட்டு வீட்டுக்குப் போ.”

போர்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மௌலவி வாசலில் நின்றார். “உங்களுக்குத் தெரிஞ்சு படிச்ச மருத்துவச்சி யாராச்சும் இருந்தா சொல்லி அனுப்புங்க, தங்கச்சி.”