முக்கால் தாளம்

"பிக்கப் வந்தாச்சா, டீச்சர்?"

தலைமையாசிரியர் மகோக்கா விடிந்ததிலிருந்து இதையே கேட்டுக்கொண்டிருந்தார். பழக்கமில்லாத டை கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தது.

"வந்தாச்சு சார். எல்லாம் இறக்கியாச்சு," என்றாள் நசிமியு.

"மேளமெல்லாம்?"

"பத்திரமா இருக்கு. ஒண்ணுல மட்டும் தோல் கிழிஞ்சு ஒட்டுப் போட்டிருக்கு."

"அதைப் பின்னால தள்ளி வைங்க. நேத்து பக்கத்து ஸ்கூல்ல அதை இன்ஸ்பெக்ஷன் அதிகாரி பார்த்திருப்பாரு. இன்னிக்கு இங்கேயும் பார்த்தார்னா நம்ம மானம் கப்பலேறிடும்."

புது உத்தரவு வந்திருந்தது. கணக்கோ அறிவியலோ, எதுவானாலும் பாட்டு, ஆட்டம், ஓவியம் வழியாகத்தான் நடத்த வேண்டுமாம். உத்தரவு வந்த வண்டியில் மேளமும் வரவில்லை, வர்ணமும் வரவில்லை. அதனால் புங்கோமாப் பக்கத்துப் பள்ளிகள் ஒரே செட் மேளத்தை மாற்றி மாற்றிச் சுற்றவிட்டுச் சமாளித்தன.

நசிமியு கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "சார், நம்ம தண்ணிக் கேனே போதுமே. இந்த டெர்ம் முழுக்கப் பசங்க அதைத் தட்டித்தான் பின்னம் படிச்சாங்க. நாலு தட்டு ஒரு முழுசு. மூணு தட்டி ஒண்ணை விட்டா முக்கால். தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவாங்க."

"கேனா? இது பள்ளிக்கூடமா, தண்ணிக்கு நிக்கிற க்யூவான்னு கேப்பாரு. உங்க வேலை பர்மனென்ட் ஆகணுமா வேண்டாமா?"

அவள் ஒட்டுப் போட்ட மேளத்தைப் பின்வரிசைக்குத் தள்ளி வைத்தாள். வருடக்கணக்காகத் தற்காலிக ஆசிரியையாகவே இருப்பவள். புதுப் பள்ளியாண்டு தொடங்கும் ஜனவரியில் வேலை இருக்குமோ இருக்காதோ என்ற கவலையிலேயே ஒவ்வொரு கிறிஸ்துமஸும் கழியும். இன்று அதிகாரி கிப்ரோனோ நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது.

அதிகாரி வந்தார். டீயும் எண்ணெயில் பொரித்த மண்டாசியும் உள்ளே போன பிறகு நாலாம் வகுப்பு அறைக்குள் நுழைந்தார். பச்சை ஸ்வெட்டர் போட்ட பிள்ளைகள் ஒரே குரலில் வணக்கம் சொன்னார்கள். சிலருக்கு ஸ்வெட்டர் முழங்கையோடு நின்றது, சிலருக்கு விரலையும் சேர்த்து விழுங்கியது.

ஒட்டுப் போட்ட மேளம் எப்படியோ முன்வரிசைக்கு வந்திருந்தது.

"முக்கால் எப்படி இருக்கும்? யார் அடிச்சுக் காட்டுவீங்க?" என்று பாடத்தைத் தொடங்கினாள்.

முன்பல் விழுந்த சிறுமி ஒருத்தி அந்த மேளத்தையே இழுத்து வைத்துக்கொண்டாள். மூன்று அடி அடித்தாள். நாலாவதற்குக் கையைத் தூக்கிக் காற்றிலேயே நிறுத்தினாள். அடிக்காத அந்த அடியையும் வகுப்பு மொத்தமும் தலையசைத்து எண்ணியது.

"அரையோட காலைச் சேர்த்தா..." என்று அதிகாரி ஆரம்பித்தார்.

"முக்கால் சார்," என்றாள் சிறுமி, கேள்வி முடிவதற்குள்.

பிறகு பாட்டு, பாட்டோடு ஓர் ஆட்டம். அதிகாரி மேசையில் விரலால் தாளம் போட ஆரம்பித்துவிட்டார். மேளத்தின் ஒட்டை அவர் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

அப்போதுதான் வெளியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. டொம், டொம், டொம். சின்ன இடைவெளி. மறுபடியும் டொம், டொம், டொம்.

அதிகாரியின் விரல் நின்றது. "என்னது அது?"

"தண்ணித் தொட்டி ரிப்பேர் நடக்குது சார்," என்றார் மகோக்கா அவசரமாக. "வாங்க சார், கோழி ஆறிடப் போகுது."

வீட்டுப் பெரியவரைத் தவிர வேறு யாரும் தொடாத கோழி இரைப்பையைத் தலைமையாசிரியரே எடுத்து அதிகாரியின் தட்டில் வைத்தார். வைத்த கையோடு நசிமியுவின் வேலை விஷயத்தையும் மெல்ல எடுத்துவிட்டார்.

"பிரமாதம்," என்றார் அதிகாரி, இரைப்பையை மென்றபடி. "கலையையும் கணக்கையும் இப்படிக் கலந்து நடத்தி நான் எங்கேயும் பார்த்ததில்லை. பர்மனென்டுக்கு எழுதிடறேன் டீச்சர். ஒரே ஒரு குறை, அந்தத் தொட்டிச் சத்தம். பிள்ளைங்க படிக்கிற இடத்துல அதெல்லாம் இருக்கக் கூடாது. அதை நிறுத்தினாத்தான் என் கையெழுத்து."

"இன்னியோட நிறுத்திடறோம் சார்," என்றார் மகோக்கா.

நசிமியுவுக்குக் கண் கலங்கியது. சந்தோஷத்தில்தான் என்று அதிகாரி நினைத்துக்கொண்டார்.

காரில் ஏறப்போனவர் சட்டென்று நின்றார். பிக்கப் பக்கத்தில் அந்த முன்பல் விழுந்த சிறுமி, ஒட்டுப் போட்ட மேளத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றிருந்தாள். நசிமியுவுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

அதிகாரி குனிந்து சிறுமியின் கன்னத்தைத் தட்டினார். "நெகேசா, நேத்தைவிட இன்னிக்கு நல்லா அடிச்சே. நாளைக்கு அடுத்த ஸ்கூலுக்கு நைரோபியிலேர்ந்து பெரியவங்க வர்றாங்க. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். நாளைக்கு நீல ஸ்வெட்டர்."

சொல்லிவிட்டு, பச்சை ஸ்வெட்டரைக் கழற்றிக் குவியலில் போட்டாள். மற்ற பிள்ளைகளோடு அவளும் பிக்கப்பில் ஏறிக்கொண்டாள்.

வண்டி கேட்டைத் தாண்டியதும் மகோக்கா டையைத் தளர்த்தினார்.

"போங்க டீச்சர். சமையல் கொட்டகைக்குப் பின்னால உக்கார வச்சிருக்கிற உங்க நாலாம் வகுப்பைக் கூட்டிட்டு வந்து, அவங்கவங்க ஸ்வெட்டரைத் திருப்பிக் கொடுங்க. அதுக்கு முன்னால, அந்தக் கேனைத் தட்டறதை நிறுத்தச் சொல்லுங்க."