நிழல் விழுந்த படம்

"இந்தப் படத்தை எடுத்தது யாருன்னு எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆனா அவருக்கு ஒண்ணு சொல்றேன். நிழல் எங்கே விழுதுன்னு பார்க்காம பட்டனை அமுக்காதீங்க!"

தலைநகரிலிருந்து வந்திருந்த நடுவர் உஸ்தாத் முன்ஸிஃப் இப்படிச் சொன்னதும், மஹ்தியா என்ற துறைமுக ஊரின் போட்டோ கிளப் அறை முழுக்கச் சிரித்தது.

கடைசி வரிசையில் நஜ்லா மட்டும் சிரிக்கவில்லை. மடியில் தூங்கிக்கொண்டிருந்த மகள் இஸ்ராவின் தலைமுடியைக் கோதிக்கொண்டே இருந்தாள்.

படம் அவளுடையது.

கிளப்பின் வழக்கம் அப்படி. படம் யாருடையது என்று நடுவருக்குச் சொல்லக் கூடாது. அவர் புகழ்ந்தாலும் திட்டினாலும் எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது.

படத்தில் இரண்டு வயசு இஸ்ரா, துறைமுகத்து வெள்ளைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கையில் எள் ரொட்டியோடு சிரிக்கிறாள். அவள் மேலும் சுவர் மேலும் பெரிதாக ஒரு ஆள் நிழல்.

"குழந்தையோட கண்ணைப் பாருங்க. எவ்வளவு பெருசா, தெளிவா திறந்திருக்கு! இந்தக் கண்ணுக்கே முதல் பரிசு கொடுக்கலாம். ஆனா கூப்பிடாத விருந்தாளி மாதிரி நடுவுல இவர் யாரு? போட்டோ எடுத்தவரோட நிழல்! கத்துக்குட்டிங்க செய்யற முதல் தப்பு."

"கூலி வாங்காமலே நடிச்சிருக்கார் உஸ்தாத்!" என்றார் மருந்துக்கடை ஹமாதி. மறுபடியும் சிரிப்பு.

கிளப் செயலாளர் மதாம் ஸுஹாத், நஜ்லாவின் காதருகே குனிந்தாள்.

"நான் சொன்னேனா இல்லையா? கம்ப்யூட்டர்ல ரெண்டு நிமிஷத்துல அழிச்சுத் தரேன்னேன். கேட்டியா?"

"இருக்கட்டும் மதாம்."

முதல் பரிசுப் படத்தைப் பெரிதாக அச்சடித்து, கலாசார மாளிகையின் வாசல் சுவரில் மாட்டுவார்கள். ஒரு வருஷம் அங்கேயே இருக்கும். போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்ப்பார்கள். நஜ்லாவுக்கு அந்தச் சுவர் வேண்டும். நாலு பேர் முன்னால் நிற்கவே கூசுகிறவள், அதற்காகத்தான் இந்தக் கிளப்பில் சேர்ந்தாள்.

தெருவில் பேசாத பேச்சில்லை.

"புருஷன் இத்தாலிக்குப் போன படகு கவிழ்ந்து ரெண்டு வருஷம்கூட ஆகல. மகாராணி கேமராவைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டா."

காதில் விழும். விழாதது போலப் போய்விடுவாள்.

கடைசியில் இரண்டு படங்கள் மிஞ்சின. ஒன்று இஸ்ரா. இன்னொன்று ஒரு நீலக் கதவு.

"வருஷா வருஷம் யாராவது ஒரு நீலக் கதவைக் கொண்டுவந்துடறீங்களே!" என்று சிரித்த நடுவர், கொஞ்சம் யோசித்தார். "இன்னைக்கு மட்டும் வழக்கத்தை மீறுறேன். குழந்தைப் படம் யாருது? கையைத் தூக்குங்க."

நஜ்லாவின் கை பாதிதான் உயர்ந்தது.

"தங்கச்சி, அந்த நிழலை அழிச்சிடலாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. முதல் பரிசு உங்களுக்கு."

அறையே திரும்பிப் பார்த்தது. அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"வேணாம் உஸ்தாத்."

"அழிச்சாத்தாம்மா அந்தச் சுவர்ல ஏறும்."

"அழிச்சிட்டா... அப்புறம் சுவர்ல மாட்டி என்ன பிரயோஜனம்?"

"அடேயப்பா, திமிரைப் பாரு!" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டவ. உஸ்தாத்தைவிட இவளுக்குத் தெரிஞ்சிருச்சு."

நீலக் கதவு ஜெயித்தது. அது ஹமாதியுடையது. கைதட்டலில் இஸ்ரா விழித்துக்கொண்டாள். மடியிலிருந்து இறங்கி, படங்கள் நிற்கும் பலகையைப் பார்த்து ஓடினாள்.

நடுவர் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"அட, இந்தப் படத்து ராசாத்தி நீதானா? எங்கே, யாருன்னு விரலை வெச்சுக் காட்டு பார்ப்போம்."

இஸ்ரா தன் முகத்தைத் தொடவில்லை. எட்டி, நிழலின் தோளில் விரலை வைத்தாள்.

"பாபா."

நடுவரின் சிரிப்பு நின்றது. "அப்பா எடுத்த படமா? சொந்தமா எடுத்த படத்தைத்தானே போட்டிக்குக் கொடுக்கணும், தங்கச்சி?"

நஜ்லா எழுந்து வந்தாள்.

"நான்தான் எடுத்தேன் உஸ்தாத். கீழே உட்கார்ந்து எடுத்தேன். வெயில் கண்ணுல குத்துதுன்னு இவ கண்ணைத் திறக்காம அழுதா. அவர் சட்டையைக் கழட்டி விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு, என் பின்னால வெயிலை மறைச்சு நின்னார். அப்புறம்தான் சிரிச்சா."

நடுவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தருகே போனார். நிழலின் இரண்டு கைகளும் பக்கவாட்டில் அகல விரிந்திருந்தன. கேமராவைப் பிடித்த கை அப்படி இருக்காது.

கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

"அவரோட வேற படம் இல்லையாம்மா?" நடுவரின் குரல் இறங்கியிருந்தது.

"எல்லாம் அவர் போன்ல இருந்துச்சு உஸ்தாத். போனும் அவரோடயே போயிடுச்சு."

படத்தைப் பலகையிலிருந்து எடுத்துச் சால்வையில் சுற்றினாள். பரிசுக் கோப்பையை மடியில் வைத்திருந்த ஹமாதி அதை மெதுவாகக் கீழே வைத்தார். மதாம் ஸுஹாத் மட்டும் ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தாள்.

"பைத்தியக்காரி, முன்னாடியே சொல்றதுக்கென்ன? அந்தச் சுவர் போனாப் போகுது. இதை வீட்டுலயே மாட்டிக்கலாமே?"

நஜ்லா மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"கடல்ல போனவருக்குக் கபர்னு ஒரு புதைகுழிகூட இல்லை மதாம். இவ போய் நின்னு ஸலாம் சொல்ல, ஊருக்குள்ள ஒரு இடம் இருக்கட்டும்னு நெனச்சேன்."