புது இன்ஜினை விரட்டக் கூடாது

"மாப்ள, பின்னாடி ஒரு நத்தை ஹாரன் அடிக்குது. வழி விடு" என்றேன்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் மச்சினன் சிரிக்கவில்லை.

"புது இன்ஜின் மாமா. கொஞ்ச நாளைக்குப் பதமாத்தான் ஓட்டணும். இப்பவே விரட்டினா ஆயுசுக்கும் கெட்டுடும்."

ஒரு ஸ்கூல் வேன் எங்களை முந்திப் போனது. அதன் பின்கண்ணாடியில் ஒரு வாண்டு மூக்கை அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்து நாக்கைத் துருத்தியது.

சிவப்பு நிறம். டர்போ இன்ஜின். பின்னால் இறக்கை மாதிரி ஒன்று வேறு. கிளப்பினால் அடுத்த தெரு வரைக்கும் உறுமும். வருஷக்கணக்காகக் கனவு கண்டு வாங்கிய அந்த வண்டியை, முட்டை ஏற்றிய வண்டி மாதிரி உருட்டிக்கொண்டிருந்தான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் என் காரை ஒரு லாரி இடித்துச் சப்பையாக்கியது. நான் முழுசாக வெளியே வந்துவிட்டேன். தைரியம் மட்டும் உள்ளேயே மாட்டிக்கொண்டது.

அதற்கப்புறம் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. கேட்டவர்களிடம் இடுப்பு வலி என்றேன். பயம் என்று சொல்ல வாய் வருமா? ஃபாக்டரியில் ஒரு ஷிஃப்ட் ஆட்களையே அதட்டி வேலை வாங்கும் சூப்பர்வைசர் ஆயிற்றே!

ஃபாக்டரி ஊருக்கு வெளியே, ஹைவே ஓரத்தில் இருக்கிறது. பஸ் கிடையாது. லீவு நீண்டுகொண்டே போக, "இனிமேலும் வரலைன்னா வேற ஆளைப் போட்டுடுவோம்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அந்த வாரம்தான் மச்சினன் புது வண்டியோடு வாசலில் வந்து நின்றான்.

"என் ஆபீஸும் அந்தப் பக்கம்தானே மாமா. ஏறிக்குங்க."

ஏறினேன். அவன் போன வேகத்தைப் பார்த்ததும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"உன் தம்பிக்கு எதுக்கு இந்த வண்டி? தள்ளுவண்டி போதும்" என்று வீட்டில் ஆரம்பித்தேன். போனில் தேடிப் படித்து ஒரே வாரத்தில் இன்ஜின் நிபுணராகவே ஆகிவிட்டேன்.

"இதைக் கேளு. முதல் நாளே நல்லா மிதிச்சாத்தான் பிஸ்டன் ரிங் ஒழுங்கா உட்காருமாம். உன் தம்பி பண்றது சுத்தப் பைத்தியக்காரத்தனம்."

"அவன் வண்டி, அவன் ஓட்டுறான். உங்களுக்கென்ன?" என்றாள் மனைவி.

"எனக்கென்னவா? மானம் போகுது! சாயங்காலமானா வலது கால் வேற கடுக்குது. சீட்டா அது?"

அவள் என் காலைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

மாதங்கள் போயின. இன்ஜின் பழகிய பாடில்லை. என் கேலியும் நின்ற பாடில்லை.

ஒரு நாள் காலை, ஃபாக்டரி கேட்டில் இறங்கி உள்ளே போன பிறகுதான் சாப்பாட்டுப் பையை வண்டியிலேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்தது. திரும்பி ஓடினேன்.

வண்டி ஒரு உறுமு உறுமியது. பாய்ந்தது. நான் கையைத் தூக்குவதற்குள் வளைவைத் தாண்டி மறைந்துவிட்டது.

"நீங்க இன்னிக்குத்தான் பாக்குறீங்களா சார்?" என்றார் வாட்ச்மேன். "தினமும் இதேதான். நீங்க உள்ள போற வரைக்கும் பூனை. அப்புறம் புலி. முதல் நாள்லேர்ந்தே அப்படித்தான்."

முதல் நாளிலிருந்தேவா! அப்படியென்றால் புது இன்ஜின், பதம், ஆயுசு எல்லாம் புளுகா? என்னை உட்கார வைத்துக்கொண்டு ஊர்முன்னால் கேலிப்பொருள் ஆக்குகிறானா? பசி வேறு சேர்ந்துகொள்ள, கோபம் தலைக்கேறியது.

சாயங்காலம் வழக்கம்போல உருட்டிக்கொண்டு வந்தான். வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவன் மானத்தை வாங்கச் சாட்சி வேண்டாமா? வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவியைக் கூப்பிட்டேன்.

"உன் தம்பி லட்சணத்தைக் கேளு! நான் இறங்கினதும் ஐயா ராக்கெட் விடுறாரு. நான் ஏறினா மட்டும் இன்ஜின் மறுபடி புதுசாயிடுமா? என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது இவனுக்கு?"

மச்சினன் திருதிருவென்று அக்காவைப் பார்த்தான்.

"சொல்லிடுடா. எத்தனை நாளைக்குத்தான் மறைப்ப?" என்றாள் அவள்.

அவன் வெளியே போய், வண்டியில் காலுக்கடியில் போடும் மேட் இரண்டைக் கொண்டுவந்து தரையில் போட்டான்.

"இது என் பக்கம்" என்றான். புதுசு மாதிரி இருந்தது.

"இது உங்க பக்கம் மாமா."

வலது கால் வைக்கும் இடத்தில் மட்டும் தேய்ந்து, நூல் பிரிந்து, ஓர் ஓட்டை. அதன் வழியாக எங்கள் வீட்டுத் தரை தெரிந்தது.

"அந்தப் பக்கம் பிரேக்கே கிடையாது. ஆனா முதல் நாள் நம்ம தெருமுனை திரும்புறதுக்குள்ளயே நீங்க மிதிக்க ஆரம்பிச்சுட்டீங்க. மேல இருக்கிற கைப்பிடியை விடவே இல்ல. அதான்…"

என் வலது கால் தானாகவே நாற்காலிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. இத்தனை பேச்சையும் கேட்டுக்கொண்டு எப்படிச் சிரிக்காமல் இருந்தானோ!

"நேத்து அந்த ஸ்கூல் வேனை நாம முந்தினோம் மாமா. கவனிச்சீங்களா?"

கவனிக்கவில்லை. எதையாவது கேட்டுச் சமாளிக்க வேண்டுமே என்று கேட்டு வைத்தேன்.

"அப்போ… இன்ஜினு?"

"அது எப்பவோ பழகிடுச்சு மாமா. நீங்கதான் இன்னும் கொஞ்சம் பழகணும்."