ஆயரின் நாற்காலிக்கு அடித்த மணி

கடலோரத்து மாதா கோவில் கோபுரத்தில் ஒரு பழைய வெண்கல மணி தொங்கியது. ஒருநாள் காலை, சீமையிலிருந்து கப்பலில் வந்த ஆயரின் நாற்காலி பீடத்தருகே சட்டமாக உட்கார்ந்துகொண்டது.

"இன்றைக்குத்தான் இங்கே மறைமாவட்டம் பிறக்கிறது," என்றது நாற்காலி. "நான் வரும்வரை இந்தக் கரையில் வேதம் ஏது, சபை ஏது?"

மணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாமியார் எட்டிப் பார்க்காத வருஷங்களிலும் உபதேசியார் செபம் சொல்ல, ஊரே முழங்காலில் நின்றதைக் கண்ட மணி அது. "காலையில் வந்த மரக்கட்டை பேசுகிற பேச்சைப் பார்!" என்று பொருமியது.

கொட்டு முழங்க ஆயரும் கவர்னர் துரையும் வந்தார்கள். உள்ளே துரைமார்களுக்கே இடம் போதவில்லை. மீனவர்கள் வாசலில் வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தார்கள்.

"விடாமல் அடி, இது கொண்டாட்டம்!" என்று யாரோ அதட்ட, மணியடிப்பவர் கயிற்றை வேகவேகமாக இழுத்தார். மணியோ சாவுக்கு அடிப்பதுபோல ஒவ்வொன்றாக, விட்டு விட்டு ஒலித்தது.

நாற்காலி கொதித்தது. "என் நல்ல நாளில் துக்க மணியா? யார் செத்துப்போனது?"

"கயித்தான்," என்றது மணி. "கப்பலிலிருந்து உன்னைக் கட்டுமரத்தில் ஏற்றி வந்தவன். அலை புரட்டியபோது உன்னைக் கரைப்பக்கம் தள்ளிவிட்டு மூழ்கிப்போனான். உன் ஈரத்தைத் துடைக்க நாலு பேர் ஓடினார்கள். அவனைத் தேடக் கிளம்பியவர்களை, விழா முடியட்டும் என்று வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்."