திரையில் ஓடிய இன்ஜின்

ஓர் ஆய்வுக்கூடத்தில் ஜெனரேட்டரை ஓட்டும் பெட்ரோல் இன்ஜின் ஒன்று இருந்தது. ஒரு மார்கழிக் காலையில் அதற்குள் பெட்ரோலுக்குப் பதிலாக எத்தனாலை ஊற்றிவிட்டார்கள். அடித்த குளிரில் அந்தச் சாராயம் ஆவியாகவே மாட்டேன் என்றது. பிளக் பொறியைக் கக்கிக் கக்கி ஓய்ந்தது. இன்ஜின் இருமியதே தவிர ஓடவில்லை. அதற்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

இன்ஜின் எப்படி ஓடும் என்று கணக்குப் போட்டுத் திரையில் படமாகக் காட்டும் கம்ப்யூட்டர் ஒன்று மேஜைமேல் இருந்தது. அது சிரித்தது. "என்ன நடிப்புடா இது? என் கணக்குப்படி நீ ஓட ஆரம்பிச்சு அரை மணி ஆச்சு. திரையில பாரு, என்ன ஜோரா ஓடுறே!"

"எத்தனால் ஆவியானாத்தானே அண்ணே ஓட முடியும்? எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுக் கிடக்கு."

"என் கணக்குல அது உள்ள போன உடனே ஆவியாயிடும். குளிரையெல்லாம் நான் சேர்த்துக்கிறதே இல்லை. கோளாறு உன்கிட்டதான்."

இன்ஜினுக்குச் சந்தேகமே வந்துவிட்டது. ஒருவேளை ஓடிக்கொண்டுதான் இருக்கிறோமோ என்று தன் சக்கரத்தைப் பார்த்தது. அது அசையக்கூட இல்லை.

அந்த நேரம் பார்த்துப் பொசுக்கென்று கரன்ட் போயிற்று. கம்ப்யூட்டருக்குக் கீழே இருந்த பேட்டரி கீக் கீக்கென்று கத்தியது.

"தம்பி, சீக்கிரம் ஓடுடா! இன்னும் கொஞ்ச நேரத்துல நான் அணைஞ்சிடுவேன்!" என்று கம்ப்யூட்டர் பதறியது.

"உங்க திரையில நான்தான் அரை மணியா ஓடிக்கிட்டிருக்கேனே அண்ணே," என்றது இன்ஜின். "வேணுங்கிற கரன்டை அதுலேர்ந்து எடுத்துக்குங்க."