ஹாங்க் யாருக்கு?

ஹாங்க் யாரிடம் வளர்வது என்பது அன்று மாலைக்குள் முடிவாகிவிடும். சாப்பாட்டு மேசையின் இரண்டு முனைகளில் கர்ட்டும் மார்லாவும் ஆளுக்கொரு மடிக்கணினியோடு முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாசல் பக்கம் மார்லாவின் பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன.

வீடு, கார், வறுசட்டி வரை வக்கீல்கள் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். ஹாங்க்கை மட்டும் பிரிக்க முடியவில்லை. அவனோ வழக்கு தன்னைப் பற்றியது என்றே தெரியாமல், மேசைக்கு அடியில் வாலை ஆட்டிக்கொண்டு கர்ட்டின் காலுறையைக் கடித்துக்கொண்டிருந்தான்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் எந்தச் சண்டைக்கும் தீர்ப்பு ஒரு கணினி விளையாட்டில்தான். வாசலில் பனி அள்ளுவது யார், நவம்பரில் வரும் நன்றித் திருநாள் விருந்து யார் அம்மா வீட்டில், எல்லாம் இதில்தான் தீரும். வெறும் நிலத்தில் ஊர் போட்டு, ஆளும் படையும் பெருக்கி, ஒரு நாகரிகத்தையே வளர்க்கிற விளையாட்டு அது. முழுக்க ஆடினால் நாள் கணக்கில் இழுக்கும் என்பதால் நூறு சுற்றோடு நிறுத்திக்கொள்வார்கள். அப்போது யாரிடம் ஊர் அதிகமோ, அவர் சொன்னதுதான் சட்டம்.

அதனால்தான் எல்லாக் குளிர்காலமும் பனி அள்ளியது கர்ட். ஒரே ஊரை வைத்துக்கொண்டு அதில் வானத்தைத் தொடுகிற கோபுரம் எழுப்புவான். அது பாதி எழும்புவதற்குள் மார்லா நாலு பக்கமும் ஊர் போட்டு அவனை மூச்சுத் திணற வைத்துவிடுவாள்.

இந்த முறை தோற்றால் பனியோடு போகாது. ஹாங்க் இல்லாத வீட்டுக்குள் அவன் தனியாக நுழைய வேண்டியிருக்கும்.

நல்ல வேளை, லைல் கிடைத்தான். காப்பிக் கடையில் கர்ட் தனியாக ஆடித் தோற்றுக்கொண்டிருந்தபோது தானாக வந்து எதிரில் உட்கார்ந்தவன் அவன். ஆட்டத்தில் கரை கண்ட ஆள். வீட்டுக்குக் கூப்பிட்டால் மட்டும் வரமாட்டான்.

"கடையிலயே வச்சுக்கலாம் கர்ட். உன் ஜாக்கெட்டை மட்டும் வண்டியிலயே கழட்டிப் போட்டுட்டு வா" என்பான். டுலூத் நகரத்துக் குளிரில் அதென்ன விரதமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு கர்ட் அதற்கும் உடன்பட்டான்.

"முதல்ல அந்தக் கோபுரத்தை மறந்து தொலை" என்றுதான் லைல் பாடத்தை ஆரம்பித்தான். "வேவு பாக்க ஆளை அனுப்பு. ஆறு எங்க ஓடுதுன்னு தெரிஞ்சதும் அங்க ஊர் போடு. மூணு ஊர் நிக்கிற வரைக்கும் உனக்குக் கோவிலும் வேண்டாம், குளமும் வேண்டாம்."

"மார்லா சும்மா விடமாட்டாளே."

"விடமாட்டா. வில்லுக்காரங்களைக் காட்டுல ஒளிச்சு வச்சு, முடியப்போற நேரத்துல பாய்வா. காட்டு ஓரமா ஈட்டிக்காரங்களை நிறுத்திடு, போதும்."

அதே பாடத்தைத்தான் கர்ட் இப்போது எழுத்துப் பிசகாமல் ஆடிக்கொண்டிருந்தான்.

"என்ன, கோபுரம் இன்னும் ஆரம்பிக்கலையா?" மார்லா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"என்ன அவசரம்? நீ போனப்புறம் சாவகாசமா கட்டிக்கிறேன்."

மார்லாவின் உதட்டில் இருந்த சிரிப்பு மெல்லக் கரைந்தது. எப்போதும் அவள் பிடிக்கிற ஆற்றங்கரையில் கர்ட்டின் ஊர் நின்றது. தொண்ணூறு சுற்று தாண்டியபோது ஊர்க் கணக்கு சமமாக இருந்தது. கர்ட்டின் கடைசிக் குடியேறிகள் காட்டோரமாக நடந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தால் ஹாங்க் அவனுக்கு, வழியில் மாட்டினால் அவர்களை வைத்தே அவள் ஊர் போடுவாள், ஹாங்க் அவளுக்கு.

காட்டிலிருந்து மார்லாவின் வில்லுக்காரர்கள் வெளியே வந்தார்கள்.

லைல் சொன்ன இடத்தில் நிறுத்தியிருந்த ஈட்டிக்காரர்கள் ஒரே சுற்றில் பாதிப் பேர் செத்தார்கள். அடுத்த சுற்றில் ஒரே ஒருவன் மிஞ்சினான். அந்த ஒருவன் தாக்குப்பிடித்த நேரத்தில் குடியேறிகள் குன்றைத் தாண்டிப் போய்க் கூடாரம் அடித்துவிட்டார்கள்.

நூறாவது சுற்று முடிந்தது. கர்ட்டுக்கு ஒரு ஊர் அதிகம்.

மார்லா மடிக்கணினியை மூடினாள். பிறகு தரையில் உட்கார்ந்து ஹாங்க்கைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படி அழுது கர்ட் பார்த்ததில்லை.

"யார்கிட்ட கத்துக்கிட்ட?" என்று அழுகையோடு கேட்டாள்.

"யார்கிட்டயும் இல்ல. நானாத்தான்." அந்த வீறாப்பையாவது விட அவனுக்கு மனம் வரவில்லை.

வெளியே வண்டியின் ஹாரன் ஒலித்தது. மார்லாவை அழைத்துப் போக அவளுடைய புது ஆள் வந்துவிட்டான். அவன் பேரைக்கூட கர்ட் இதுவரை கேட்டுக்கொண்டதில்லை. மார்லா ஹாங்க்கின் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடிப்போய் முன் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இவ்வளவு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு இதையாவது செய்வோம் என்று கர்ட் வாசலில் இருந்த பெட்டிகளைத் தானே தூக்கிக்கொண்டு வண்டியின் பின்பக்கம் போனான். ஹாங்க்கும் கூடவே ஓடி வந்தான்.

பெட்டிகளை வாங்கக் கை நீட்டியவன், நாயைக் கண்டதும் சட்டென்று பின்வாங்கினான். லைல்.

முன் இருக்கையில் குலுங்கி அழுகிறவளை ஒரு தரம் பார்த்துக்கொண்டு, அவன் கர்ட்டின் காதருகில் குனிந்தான்.

"அவகிட்ட மட்டும் சொல்லிடாதப்பா, எனக்கு நாய் முடி ஆகாது."